சென்னை வெயிலுக்கு லிக்விட் கூலர் இல்லாமல் முடியாதா?

நீங்கள் எழுதியதைச் சுருக்கிச் சொன்னால் இவ்வளவுதான்: பெரம்பூரில் மொட்டைமாடிக்கு நேர் கீழே இருக்கும் அறை, ஏசி கிடையாது, முதல்முறையாக நீங்களே கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்யப் போகிறீர்கள். ரைசன் 5 7600 பிராசசர், ஆர்டிஎக்ஸ் 4060 கிராபிக்ஸ் கார்டு என்பது வரை முடிவாகிவிட்டது. கம்ப்யூட்டர் பாகங்கள் விற்கும் ரிச்சி தெருவில் விசாரித்தபோது, "சென்னை வெயிலுக்கு 360 எம்எம் லிக்விட் கூலர் போட்டே ஆகணும், இல்லேன்னா பிராசசர் போயிடும்" என்று ஒரு கடையில் சொல்லி, கூடவே ஆறு கலர் ஃபேன் வைத்த கண்ணாடி முகப்பு கேபினெட் (பாகங்களை எல்லாம் உள்ளே வைக்கும் பெட்டி) ஒன்றையும் காட்டியிருக்கிறார்கள். அதெல்லாம் தேவையா என்று கேட்கிறீர்கள். ஆனால் அதற்குள் இன்னொரு கேள்வியும் இருக்கிறது. குளிர்நாட்டில் உட்கார்ந்து ரிவ்யூ செய்பவர்கள் சொல்லும் கணக்கு நம் ஊருக்குப் பொருந்துமா என்பதுதான் உங்கள் உண்மையான பயம். அதற்குப் பதில் சொல்லிவிட்டால் மற்றது எளிது.

என்னைப் பற்றி ஒரு வரி. பதினைந்து வருடங்களுக்கு மேலாக நண்பர்கள், உறவினர்கள், அப்புறம் சில சின்ன அலுவலகங்களுக்கு அசெம்பிள் செய்து கொடுத்து, அவற்றின் சர்வீஸையும் நானே பார்த்து வருகிறேன். ஆய்வகம் வைத்து அளப்பவன் இல்லை. ஆகவே இயற்பியல் சொல்வதை உறுதியாகவும், என் கைப்பழக்கம் சொல்வதை அனுபவமாகவும் பிரித்தே எழுதுகிறேன்.

முதலில் உறுதியானது. வீட்டுக் கம்ப்யூட்டருக்குக் கடைகளில் கிடைக்கும் எந்த கூலரும், காற்றோ தண்ணீரோ, பிராசசரை அறையின் வெப்பத்துக்குக் கீழே கொண்டுபோகாது. லிக்விட் என்றதும் நம் மனதில் மண்பானைத் தண்ணீர் வந்துவிடுகிறது. பானை ஏன் குளிர்கிறது? தண்ணீர் கசிந்து ஆவியாகிறது, ஆவியாகும்போது வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகிறது. லிக்விட் கூலரில் எதுவும் ஆவியாவதில்லை. மூடிய குழாய்க்குள் ஓடும் திரவம் பிராசசரின் சூட்டை ரேடியேட்டருக்குச் சுமந்து போகிறது. அங்கே மூன்று ஃபேன்கள் உங்கள் அறைக் காற்றையே அதன்மேல் ஊதுகின்றன. அறைக் காற்று 36 டிகிரி என்றால் அதற்குக் கீழே இறங்க வழியே இல்லை. திரவம் ஓடாமல் காற்றால் மட்டும் குளிர்விக்கும் டவர் கூலரிலும் நடப்பது இதேதான். குழாய்க்குப் பதில் செப்பு ஹீட் பைப், ரேடியேட்டருக்குப் பதில் அலுமினியத் தகடுகள்.

இரண்டாவது உறுதி: பிராசசர் செலவழிக்கும் மின்சாரமும் ஃபேன் வேகமும் மாறாத வரை, அறை எத்தனை டிகிரி ஏறுகிறதோ ஏறக்குறைய அத்தனை டிகிரி பிராசசரும் ஏறும். ரிவ்யூக்கள் பெரும்பாலும் 20, 22 டிகிரி அறையில் நடக்கின்றன. அங்கே ஒரு கூலர் 68 டிகிரி காட்டினால், அறையை விட 46 டிகிரி அதிகம் என்று அதைப் படிக்க வேண்டும். என் வீட்டில் மொட்டைமாடிக்குக் கீழுள்ள அறை, கத்திரி வெயில் நாட்களில் இரவு பத்து மணிக்கும் 35, 36 காட்டும். பகல் முழுக்கக் குடித்த சூட்டைத் தளம் ராத்திரியில்தான் கக்குகிறது. 36-உடன் 46 சேர்த்தால் 82. இதுதான் உங்கள் நிஜ எண். ரிவ்யூ பார்க்கும்போதெல்லாம் 14 கூட்டிக்கொள்ளுங்கள். உங்களுக்கு வேண்டிய சென்னைக் கணக்கு அவ்வளவுதான்.

82 என்றால் பயப்பட வேண்டுமா? வேண்டாம். ரைசன் 7600-க்கு ஏஎம்டி கொடுத்திருக்கும் உச்ச வரம்பு 95 டிகிரி. அதைத் தொட்டால் பிராசசர் கருகிவிடாது. தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொண்டு 95-ஐத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளும். அதையும் மீறி ஏதாவது கோளாறு என்றால் மெஷின் தானாக அணைந்துவிடும். "பிராசசர் போயிடும்" என்பது இருபது வருடத்துக்கு முந்தைய பயம். கூலர் போதவில்லை என்றால் நீங்கள் இழப்பது பிராசசரை இல்லை, கொஞ்சம் வேகத்தையும் காதுக்கு நிம்மதியையும். வருடக்கணக்கில் 80-க்கு மேலே ஓடினால் ஆயுள் குறையுமா என்று கேட்பார்கள். சூடு எதன் ஆயுளையும் கூட்டாது என்பது சரிதான். ஆனால் சூட்டால் மட்டுமே செத்த பிராசசர் என்று என் கையில் இதுவரை ஒன்றும் வரவில்லை. செத்துப்போய் வந்தவை எஸ்எம்பிஎஸ் என்கிற பவர் சப்ளை, மதர்போர்டு, கிராபிக்ஸ் கார்டு ஃபேன் இவைதான். என் ஒருவன் மேஜைக்கு வந்ததை வைத்துப் பொது விதி போட மாட்டேன்.

இனி உங்கள் பிராசசர். பெட்டியில் 65 வாட் என்று போட்டிருந்தாலும், 7600 உச்சத்தில் 88 வாட் வரை இழுக்கும். இதை மற்றவற்றோடு ஒப்பிடுங்கள். எக்ஸ் ஒட்டிய 7600எக்ஸ் 142 வாட் வரை போகும். இன்டெல் ஐ9 14900கே 253 வாட். கடைக்காரர் சொன்ன அறிவுரை அந்த 253 வாட் ஆசாமிக்குச் சரியான அறிவுரை. அதே மருந்துச் சீட்டை எல்லோருக்கும் எழுதுவதில்தான் சிக்கல். 88 வாட் என்பது டவர் கூலருக்கு மிகச் சாதாரண சுமை.

பெட்டியோடு இலவசமாக வரும் ரெய்த் ஸ்டெல்த் கூலர் போதுமா? ஓடும். கேம் ஆடும்போது பிராசசர் முழு 88 வாட்டையும் இழுப்பது அரிது, அதனால் சமாளித்துவிடும். ஆனால் வீடியோ ரெண்டர் மாதிரி எல்லா கோர்களும் (பிராசசருக்குள் தனித்தனியாகக் கணக்குப் போடும் பகுதிகள்) சேர்ந்து உழைக்கும் வேலையில், மே மாதத்தில், அது 95-ஐ ஒட்டியே நிற்கும், சத்தமும் போடும். அதில் செப்புக் குழாய் கிடையாது, அலுமினியக் கட்டியும் சின்ன ஃபேனும்தான். என் யோசனை: 120 எம்எம் ஃபேன் ஒன்றும் நான்கு ஹீட் பைப்பும் உள்ள சாதாரண டவர் கூலர் வாங்குங்கள். டீப்கூல் ஏகே400, ஏஜி400 போன்றவை இந்த வகை. 2000 முதல் 3000 ரூபாய்க்குள் முடிந்துவிடும். நாளைக்கு இதைவிடப் பெரிய ரைசன் 7 பிராசசர் பக்கம் போகும் எண்ணம் இருந்தால், கொஞ்சம் கூடுதலாகப் போட்டு தெர்மல்ரைட் பீர்லெஸ் அசாசின் மாதிரி இரட்டை டவர். அதற்கு மேல் செலவழிப்பது உங்கள் பிராசசருக்குத் தெரியக்கூடத் தெரியாது. வந்த ஸ்டெல்த் கூலரைத் தூக்கிப் போடாதீர்கள், பரணில் இருக்கட்டும். என்றாவது டவர் ஃபேன் மக்கர் செய்தால் அன்றைக்கு அது கை கொடுக்கும்.

லிக்விட் கூலர் மேல் எனக்குக் கோபம் எதுவும் இல்லை. 200 வாட்டுக்கு மேல் நீண்ட நேரம் இழுக்கும் பிராசசருக்கு அது நன்றாகவே வேலை செய்யும். ஆனால் டவரில் பழுதாகக்கூடியது ஒரு ஃபேன் மட்டும்தான், அதை ஐந்து நிமிடத்தில் மாற்றலாம். லிக்விடில் பம்ப் என்று ஓடும் பொருள் ஒன்று கூடுதலாக இருக்கிறது. மூடிய குழாயாக இருந்தாலும் வருடக்கணக்கில் ரப்பர் வழியே திரவம் துளித்துளியாகக் குறையும், உள்ளே காற்றுக்குமிழி சேரும். ஐந்தாறு வருடத்தில் மொத்தமாக மாற்றவேண்டிய பொருள் என்றே நினைத்து வாங்க வேண்டும். ஒழுகுவது அபூர்வம், அதைச் சொல்லி உங்களைப் பயமுறுத்த மாட்டேன். இன்னொன்றை யாரும் சொல்வதில்லை. டவர் கூலரின் காற்று, போர்டில் பிராசசருக்கு மின்சாரம் பிரித்துத் தரும் பாகங்கள் மேலும் கொஞ்சம் படும். லிக்விட் போட்டால் அந்த இடம் காற்றில்லாமல் கிடக்கும். நம் ஊர் அறையில் இது யோசிக்க வேண்டிய விஷயம்.

சரி, மிச்சமான பணத்தை எங்கே போடுவது? கேபினெட்டில். புதிதாகச் செய்பவர்கள் அதிகம் ஏமாறுவதும் இங்கேதான். கூலருக்கு நாள்கணக்கில் ரிவ்யூ பார்த்துவிட்டு, கேபினெட்டை அழகு பார்த்து வாங்குவார்கள். பிராசசர் கூலர் சுவாசிப்பது அறைக் காற்றை இல்லை, கேபினெட்டுக்குள் இருக்கும் காற்றை. அந்தக் காற்று 36 டிகிரி அறையை விடப் பத்து டிகிரி சூடாக இருந்தால், நீங்கள் எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய கூலரும் 46 டிகிரி அறையில் வேலை செய்வதாகத்தான் அர்த்தம்.

இதற்கு ஒரு எளிய கணக்கு உண்டு. உள்ளே செலவாகும் வாட்டை 1.76-ஆல் பெருக்கி, நிமிடத்துக்கு எத்தனை கன அடி காற்று கேபினெட்டைக் கடக்கிறதோ அதால் வகுத்தால், காற்று எத்தனை டிகிரி சூடாகி வெளியேறுகிறது என்பது கிடைக்கும். உங்கள் மெஷினில் பிராசசர் 88, கிராபிக்ஸ் கார்டு 115, மற்றதெல்லாம் சேர்த்து தாராளமாக 250 வாட் என்று வைப்போம். 30 கன அடிதான் ஓடுகிறது என்றால் காற்று 15 டிகிரி சூடாகும். 60 என்றால் 7. 120 என்றால் 4-க்கும் குறைவு. இந்த மூன்று எண்களையும் திரும்பப் பாருங்கள். முதல் இரட்டிப்பு 7 டிகிரி மிச்சம் பிடித்தது. அடுத்த இரட்டிப்புக்கு 4 கூட இல்லை. அதனால்தான் முதல் மூன்று ஃபேன்கள் பொன், நான்காவது வெள்ளி, ஆறாவது வெறும் விளக்கு. ஃபேன் பெட்டியில் 60 கன அடி என்று போட்டிருப்பது எதிரே எந்தத் தடையும் இல்லாதபோது. வடிகட்டி, கிரில், கேபிள் எல்லாவற்றையும் தாண்டும்போது அதில் பாதி கிடைத்தாலே நல்லது.

இப்போது அந்தக் கண்ணாடி முகப்பு கேபினெட்டுக்கு வருவோம். முன்னால் மூன்று ஃபேன் சுற்றும், அதற்கு முன்னால் முழுக் கண்ணாடி. காற்று பக்கவாட்டில் இருக்கும் விரல் அகல இடுக்கு வழியாகத்தான் வர வேண்டும். வாயை மூடிக்கொண்டு ஊதச் சொல்வதைப் போலத்தான் இது. முகப்பு முழுக்க சல்லடையாக, அதாவது மெஷ்ஷாக இருக்கும் கேபினெட் வாங்குங்கள். கோர்சேர் நிறுவனம் 4000டி என்ற கேபினெட்டை மூடிய முகப்பில் ஒன்று, ஏர்ஃப்ளோ என்ற பெயரில் துளையிட்ட முகப்பில் ஒன்று என இரண்டு விதமாக விற்றது. உடம்பு ஒன்றுதான், முகம் மட்டும் வேறு. கடையில் பெயரைச் சொல்லிக் கேட்டு வாங்கும்போது இந்த மாதிரி இரட்டையர்களில் தவறானதைத் தூக்கிக்கொண்டு வந்துவிடாதீர்கள். பக்கவாட்டில் கண்ணாடி இருப்பதில் தப்பில்லை, அந்த வழியாகக் காற்று வரப்போவதில்லை. அப்புறம், கூலரின் உயரத்தை கேபினெட்டின் அளவோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஏகே400 உயரம் 155 எம்எம். மலிவான ஒல்லி கேபினெட்டுகளில் இது இடிக்கும், கதவு மூடாது. கடையிலேயே கேட்டுவிட்டால் இரண்டாவது முறை மவுண்ட் ரோடு வெயிலில் அலைய வேண்டாம்.

ஃபேன்களை எப்படி வைப்பது? முன்னால் இரண்டு உள்ளே இழுக்க, பின்னால் ஒன்று வெளியே தள்ள. உங்களுக்கு இது போதும். நான்காவது வேண்டுமென்றால் மேலே, பின்பக்கத்தை ஒட்டி, வெளியே தள்ளும்படி. மேலே முன்பக்கத்தில் வெளித்தள்ளும் ஃபேன் வைத்தால், முன்னால் வந்த குளிர்ந்த காற்று கூலரைத் தொடும் முன்பே மேலே ஓடிவிடும். அதை விட்டுவிடுங்கள். டவர் கூலரின் ஃபேன் கேபினெட்டின் பின்பக்கத்தை நோக்கி ஊத வேண்டும். முதல்முறை செய்பவர்கள் ஃபேனின் முன்பின் தெரியாமல் குழம்புவது சகஜம். மோட்டாரைப் பிடித்திருக்கும் குறுக்குக் கம்பிகள் எந்தப் பக்கம் இருக்கின்றனவோ, அந்தப் பக்கம்தான் காற்று வெளியே வரும். சந்தேகம் இருந்தால் ஒரு ஊதுபத்தியைக் கொளுத்தி, சீலிங் ஃபேனை அணைத்துவிட்டு, கேபினெட்டின் முன்னாலும் பின்னாலும் காட்டுங்கள். முன்னால் புகை உள்ளே போக வேண்டும், பின்னால் விலகி ஓட வேண்டும். சாம்பல் உள்ளே விழாமல் தள்ளிப் பிடியுங்கள்.

உள்ளே வருவது வெளியே போவதைவிடக் கொஞ்சம் அதிகமாக இருக்கட்டும் என்பதற்குக் காரணம் தூசி. வெளியே தள்ளுவது அதிகமானால் கேபினெட் எல்லா இடுக்குகளிலும் காற்றை உறிஞ்சும், வடிகட்டி இல்லாத வழியெல்லாம் தூசியின் வழியாகிவிடும். ஒரு தெரு தவறாமல் ஏதாவது தோண்டிக்கொண்டே இருக்கும் ஊர் இது. முன்பக்க வடிகட்டியையும், அடியில் எஸ்எம்பிஎஸ் வடிகட்டியையும் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கழற்றித் தட்டிக் கழுவி, நன்றாகக் காயவைத்துப் போடுங்கள். நான் சர்வீஸுக்குப் பார்க்கும் "ஹீட் ஆகுது" மெஷின்களில் பெரும்பாலானவற்றுக்குப் புது கூலர் தேவைப்படுவதில்லை, ஒரு பிரஷ்தான் தேவைப்படும். பின்பக்கம் காலியான ஸ்லாட்டுகளுக்கு மூடி போடுங்கள். பல்லி முட்டை, கரப்பான் இரண்டையும் மதர்போர்டு மேல் பார்த்தவன் சொல்கிறேன். பெசன்ட் நகர், திருவான்மியூர் பக்கம் கடலை ஒட்டி இருப்பவர்களுக்கு உப்புக்காற்றில் திருகுகள் துருப்பிடிப்பது தனிக் கதை. பெரம்பூரில் உங்களுக்கு அந்தக் கவலை அவ்வளவு இல்லை.

பொருத்தும்போது ஒன்று. கூலரின் அடித்தட்டில் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாளைப் பிரித்துவிட்டு மாட்டுங்கள். சிரிக்காதீர்கள். என் மாமாவுக்கு நான் செய்துகொடுத்த மெஷினில் அந்தத் தாளோடே மாட்டிவிட்டு, பயாஸ், அதாவது விண்டோஸுக்கு முன்னால் வரும் போர்டின் செட்டிங்ஸ் திரையிலேயே 90 டிகிரி காட்டுவதைப் பார்த்து போர்டைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன். பிராசசரின் சூட்டைக் கூலருக்குக் கடத்தும் தெர்மல் பேஸ்ட், பிராசசரின் நடுவில் ஒரு பட்டாணி அளவு போதும். திருகுகளை எதிரெதிர் மூலையாக, ஒவ்வொன்றையும் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். உங்கள் போர்டின் பின்னால் ஏற்கெனவே இருக்கும் இரும்புத் தகட்டைக் கழற்ற வேண்டாம், பெரும்பாலான கூலர்கள் அதையேதான் பிடித்துக்கொள்ளும். கூலர் ஃபேன் ஒயரை சிபியு ஃபேன் என்று எழுதிய முனையிலும், கேபினெட் ஃபேன்களைப் போர்டின் மற்ற முனைகளிலும் சொருகுங்கள். மலிவான கேபினெட்டோடு வரும் ஃபேன்கள் சில, நேராக எஸ்எம்பிஎஸ்ஸில் இருந்து கரண்ட் எடுக்கும். வேகத்தைக் குறைக்கவே முடியாது, நாள் முழுக்க இரைந்துகொண்டே இருக்கும். வாங்கும் முன் அதையும் கேளுங்கள்.

எல்லாம் முடிந்தபின் சோதனை. வெப்பத்தைக் காட்டும் எச்டபிள்யூஇன்ஃபோ என்ற இலவச மென்பொருளைத் திறந்துவைத்து, பிராசசருக்கு முழு வேலை கொடுக்கும் சினிபெஞ்ச் என்ற சோதனையைப் பத்து நிமிடம் ஓடவிடுங்கள். கூடவே அறையின் வெப்பத்தையும் ஒரு தெர்மாமீட்டரில் பார்த்துக் குறியுங்கள், அது இல்லாமல் எந்த எண்ணுக்கும் அர்த்தம் இல்லை. பிறகு பக்கவாட்டுக் கதவைக் கழற்றிவிட்டு ஒரு கேமை அரைமணி நேரம் ஆடுங்கள், கதவை மாட்டி இன்னொரு அரைமணி நேரம். இரண்டுக்கும் நடுவே இரண்டு மூன்று டிகிரிதான் வித்தியாசம் என்றால் கேபினெட் நன்றாகச் சுவாசிக்கிறது. எட்டு, பத்து என்றால் கூலரைக் குறை சொல்லாதீர்கள், முகப்பையும் ஃபேனையும் பாருங்கள். கதவைத் திறந்தே வைத்துக்கொள்ளலாமே என்று தோன்றும். தூசி, பல்லி, ஆறு மாதக் குழந்தை இவற்றில் ஏதாவது ஒன்று வீட்டில் இருந்தாலும் வேண்டாம்.

மே மாதத்தில் மட்டும் தொல்லை என்றால் காசு செலவில்லாத வழி ஒன்று. பயாஸில் பிபிஓ (PBO) என்ற பகுதிக்குள் போய், பிராசசர் அதிகபட்சம் எத்தனை வாட் இழுக்கலாம் என்று சொல்லும் பிபிடி (PPT) வரம்பை 88-லிருந்து 65 வாட்டுக்கு இறக்குங்கள். கேம் ஆடும்போது வித்தியாசத்தைக் கண்ணால் பிடிப்பது கடினம், எல்லா கோர்களும் ஓடும் கனமான வேலையில் கொஞ்சம் தெரியும். மழை வந்ததும் திரும்ப ஏற்றிக்கொள்ளலாம்.

கடைசியாக, அறை. 250 வாட் என்பது சும்மா உட்கார்ந்திருக்கும் இரண்டரை ஆட்கள் விடும் சூடு. சன்னலைச் சாத்திவிட்டு சீலிங் ஃபேனை மட்டும் போட்டால் அந்தச் சூடு எங்கும் போகாது, சுற்றிச் சுற்றி கேபினெட்டுக்கே வரும். மேஜைக்கடியில் மரப்பெட்டிக்குள் வைக்காதீர்கள், பின்பக்கம் சுவருக்கு அரையடியாவது இடம் விடுங்கள், கடற்காற்று திரும்பிய பிறகு சன்னலைத் திறந்துவையுங்கள். வரும் மே மாதம் நீங்கள் எடுக்கும் எண்களை, அறை வெப்பத்தோடு சேர்த்து, இங்கேயே எழுதுங்கள். 85-க்கு மேலே நின்றால் எந்த ஃபேன் எங்கே இருக்கிறது என்று ஒரு போட்டோவும் போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.